கலந்து வளர்க்கும் பறவைகளுக்குச் சொந்தத் தீவனம்

நாட்டுக்கோழி, வாத்து, வான்கோழி, கினிக்கோழி ஆகியவை ஒரே கொல்லையில் சேர்ந்து மேயும் புறக்கடை வளர்ப்பில் முதல் சிக்கல் தீவனம்தான். கடையில் கிடைக்கும் தீவன மூட்டை ஒவ்வொன்றும் ஒரே இனத்தின் ஒரே பருவத்துக்காகத் தயாரானது. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் ஒரு கொட்டகையில் இருக்கும் பறவைகள் அத்தனையும் ஒரே வயது, ஒரே ரகம். அந்தச் சீர்மையை நம்பித்தான் தீவன ஆலையின் கணக்கு நிற்கிறது. குஞ்சுத் தீவனம், வளரும் பருவத் தீவனம், முட்டைத் தீவனம் என்ற பிரிவுகள் அப்படிப்பட்ட பண்ணைகளுக்காகப் பிறந்தவை. முட்டையிடும் பெட்டையும், சேவலும், ஒரு மாதக் குஞ்சும், வாத்தும் ஒரே தட்டில் அலகு வைக்கும் கொல்லைக்கு அந்த மூட்டைகளில் எதுவும் முழுவதும் பொருந்தாது.

இந்த நிலையில் வளர்ப்போர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முட்டைத் தீவனத்தை எல்லாப் பறவைக்கும் போடுகிறார்கள்; அல்லது நெல், அரிசி, கம்பு என்று தானியத்தை மட்டும் இறைத்துவிட்டு மற்றதை மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறார்கள். முதல் வழியில் வளரும் குஞ்சின் சிறுநீரகம் கெடுகிறது. இரண்டாவது வழியில் குஞ்சு குன்றிப்போகிறது, பெட்டை முட்டையைக் குறைக்கிறது. தீவனத்தைச் சொந்தமாகக் கலப்பதன் பயன் செலவு குறைவது மட்டும் அன்று. எந்தப் பறவைக்கும் தீங்கு செய்யாத ஓர் அடிக்கலவையை அமைத்து, ஒவ்வோர் இனத்தின் தனித்தேவையை அதற்கு வெளியே தனியாகக் கொடுக்க முடிகிறது. கலப்பு வளர்ப்பின் தீவன முறை முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கும்.

தேவை எங்கே பிரிகிறது

பறவைத் தீவனத்தைக் கணக்கிடுவோர் உலகெங்கும் கையாளும் அட்டவணைகளில் முக்கியமானது, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்டது. அதில் வான்கோழிக் குஞ்சுக்கு முதல் 4 வாரங்களில் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும். அடுத்த 4 வாரங்களில் 26. வெள்ளைப் பெக்கின் வாத்துக் குஞ்சுக்கு முதல் 2 வாரங்களில் 22 சதவீதம் போதும். முட்டையின வெள்ளை லெகான் குஞ்சு 18 சதவீதத்தில் வளர்ந்துவிடுகிறது. கினிக்கோழிக் குஞ்சுக்கு 24 சதவீத அளவில் கொடுப்பது வழக்கம். ஒரே வாரம் பொரித்த நான்கு இனக் குஞ்சுகளுக்கு நடுவே 10 சதவீதப் புரத வித்தியாசம் இருக்கிறது.

வளர்ந்த பறவைகளில் இந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. முட்டையிடும் கோழிக்கு 15 முதல் 16 சதவீதம், இனப்பெருக்க வாத்துக்கு 15, இனப்பெருக்க வான்கோழிப் பெட்டைக்கு 14 என்ற அளவில் எல்லாம் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. எனவே வளர்ந்த பறவைகளைப் புரதத்துக்காகப் பிரிக்க வேண்டியதில்லை. புரதக் கவலை முதல் எட்டு வாரங்களுக்கு உரியது.

இரண்டாவது பிரிவு சுண்ணாம்புச் சத்தில் வருகிறது. முட்டையிடும் பெட்டைக்குத் தீவனத்தில் 3 சதவீதத்துக்கு மேல் கால்சியம் வேண்டும். வளரும் குஞ்சுக்கும் சேவலுக்கும் முட்டையிடாத பறவைக்கும் 1 சதவீதம் தாராளம். வளரும் குஞ்சு முட்டைத் தீவனத்தை நாள்கணக்கில் தின்றால் மிகுந்த கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் அதன் சிறுநீரகம் சிதைகிறது. யூரிக் அமில உப்பு உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. முட்டைத் தீவனத்தைப் பொதுத் தீவனமாக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது பிரிவு நியாசின் என்ற பி வகை வைட்டமினில் இருக்கிறது. கோழிக் குஞ்சு புரதத்திலுள்ள டிரிப்டோபேனிலிருந்து தனக்கு வேண்டிய நியாசினில் ஒரு பகுதியைத் தானே தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் குறைவு. அதே அட்டவணை வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நியாசின் கேட்கிறது. லெகான் குஞ்சுக்கு 27 மில்லிகிராம் போதும். பற்றாக்குறை வந்தால் வாத்துக் குஞ்சின் கணுக்கால் வீங்குகிறது, கால் வளைகிறது, குஞ்சு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. கோழிக் குஞ்சுகள் நன்றாக ஓடும் அதே தீவனத்தில் வாத்துக் குஞ்சு மட்டும் நொண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பண்டங்களும் அவற்றின் குணமும்

தீவனத்தில் சரிபாதிக்கு மேல் எரிசத்து தரும் தானியம். மக்காச்சோளத்தில் 9 சதவீதம் புரதமும், கிலோவுக்கு 3,300 கிலோகலோரி அளவில் எரிசத்தும் உண்டு. மஞ்சள் மக்காச்சோளத்திலுள்ள நிறமியால்தான் மஞ்சள் கருவுக்கு நிறம் ஏறுகிறது. கம்பில் புரதம் சற்றுக் கூடுதல், எரிசத்து குறைவு, நிறமி இல்லை. சோளமும் நல்ல தானியமே. கருஞ்சிவப்பு ரகங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்திருப்பதால் வெள்ளைச் சோளம் நல்லது. நொய்யரிசி எளிதில் செரிக்கும், ஆனால் தீட்டிய அரிசியில் வைட்டமின் இராது.

அரிசியின் இந்தக் குறையை உலகம் அறிந்ததே கோழிகளின் வழியாகத்தான். 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் துவண்டு கழுத்து வளைந்தது. அந்தக் காலத்தில் அவை ராணுவ மருத்துவமனையின் சமையலறையிலிருந்து வந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றிருந்தன. தீட்டாத அரிசிக்கு மாறியதும் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த அந்தச் சத்து தயமின் என்று பின்னால் தெரிந்தது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோற்றையும் அரிசியையும் மட்டும் கொடுத்துக் கோழி வளர்ப்பவர் அந்தச் சோதனையை அறியாமலே திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்.

அரிசித் தவிட்டில் 12 முதல் 13 சதவீதம் புரதமும் அதே அளவுக்கு எண்ணெயும் பி வகை வைட்டமின்களும் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் அதன் பலவீனமும். அரைத்த சில நாளிலேயே எண்ணெய் சிக்கடிக்கத் தொடங்கும். சிக்குத் தவிடு வைட்டமின்களை அழிக்கும். மில்லிலிருந்து வந்த புதுத் தவிடு, அல்லது எண்ணெய் நீக்கிய தவிடு, இரண்டில் ஒன்றே தீவனத்துக்கு ஆகும். எண்ணெய் நீக்கியதில் எரிசத்து குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புரதத்துக்குப் புண்ணாக்கும் மீனும். எத்தனை சதவீதம் புரதம் என்பதைவிட அதில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்பதே முக்கியம். தானியங்களில் லைசின் மிகக் குறைவு. மக்காச்சோளத்தில் கால் சதவீதம்தான். சோயாப் புண்ணாக்கில் 45 சதவீத அளவில் புரதமும் நிறைந்த லைசினும் உண்டு, மெத்தியோனின் போதாது. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைவு, லைசின் குறைவு. ஆகவே சோயாவும் எள்ளும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் லைசினும் மெத்தியோனினும் இரண்டுமே குறைவு. பூஞ்சை ஆபத்தும் அதில்தான் அதிகம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலுள்ள காசிபால் மஞ்சள் கருவைப் பச்சைபடியச் செய்யும். முட்டைப் பறவைகளுக்கு அது வேண்டாம். சோயா பயறாகவே கிடைத்தால் பச்சையாக அரைத்துப் போடக் கூடாது. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுத்தால் அது அழியும்.

கருவாட்டுத் தூள் எல்லா அமினோ அமிலங்களும் கொண்டது. கூனி இறால், காரைப்பொடி மீன் போன்றவற்றின் கழிவு மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும்: உப்பு, மணல். ஒரு பிடித் தூளைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கிச் சற்று விட்டால் மணல் அடியில் தங்கும்; எவ்வளவு ஏமாற்றப்படுகிறோம் என்பது கண்ணில் தெரியும். உப்பிட்ட கருவாடானால் தீவனத்தில் வேறு உப்புச் சேர்க்கக் கூடாது. மிகுந்த உப்பு எச்சத்தைத் தண்ணீராக்கும், குஞ்சைக் கொல்லவும் செய்யும்.

தாதுக்களில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் தூளும் ஏறக்குறைய 38 சதவீதம் கால்சியம் கொண்டவை. டை கால்சியம் பாஸ்பேட் என்ற டி.சி.பி. கால்சியத்தோடு பாஸ்பரசையும் தரும். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பெரும்பங்கு பைட்டேட் என்ற கட்டுண்ட வடிவில் இருப்பதால் பறவைக்குச் சேராது. மாங்கனீசு, துத்தநாகம், அயோடின் முதலியவற்றுக்கும் ஏ, டி3, பி2 வைட்டமின்களுக்கும் கோழிக்கென்று விற்கும் தாது உப்பு, வைட்டமின் கலவைகளை வாங்குவதே சரி. மாட்டுக்கான தாது உப்பு இங்கே உதவாது.

அடிக்கலவை

மேய்ச்சலுக்குப் போகும் கலப்புக் கூட்டத்துக்குப் பொதுவாக அமையும் 100 கிலோ கலவை இது: மக்காச்சோளம் 48 கிலோ, கம்பு 10, புதுத் தவிடு 14, சோயாப் புண்ணாக்கு 14, எள்ளுப் புண்ணாக்கு 5, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 6, சுண்ணாம்புக்கல் தூள் ஒன்றேகால் கிலோ, டி.சி.பி. 1 கிலோ, தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்து அரைக் கிலோ, உப்பு கால் கிலோ.

ஒவ்வொரு பண்டத்தின் புரதத்தையும் எடையால் பெருக்கிக் கூட்டினால் கணக்கு தெளிவாகும். மக்காச்சோளத்திலிருந்து 4.3 கிலோ, கம்பிலிருந்து 1.15, தவிட்டிலிருந்து 1.75, சோயாவிலிருந்து 6.3, எள்ளிலிருந்து 2, கருவாட்டிலிருந்து 2.7, ஆக 18.2 கிலோ. அதாவது 18 சதவீதம். எரிசத்து கிலோவுக்கு 2,700 கிலோகலோரியை ஒட்டி வரும். கால்சியம் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும்; எந்த வயதுப் பறவைக்கும் அது தீங்கில்லை. வளர்ந்த பறவைக்கு 18 சதவீதப் புரதம் தேவைக்குச் சற்று மேல்தான். ஆனால் மேய்ச்சலில் சிந்திய நெல்லும் வீட்டுச் சோறும் வயிற்றில் சேரும்போது மொத்த உணவின் புரதம் இறங்கும். அந்த இறக்கத்துக்கு இந்த மிகுதி ஈடுசெய்கிறது.

விலைக்கும் கிடைப்புக்கும் ஏற்பப் பண்டங்களை மாற்றலாம். தானியத்துக்குத் தானியம், புண்ணாக்குக்குப் புண்ணாக்கு என்று ஒரே வகைக்குள் மாற்றினால் கணக்கு அதிகம் குலையாது. மக்காச்சோளத்தில் பாதியைக் கம்பாலோ வெள்ளைச் சோளத்தாலோ மாற்றினால் மஞ்சள் கரு வெளிறும்; முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் கொடுத்து அதைச் சரிசெய்யலாம். கருவாட்டை விட்டுவிட்டுச் சோயாவைக் கூட்டுபவர்கள் டி.சி.பி.யையும் உப்பையும் கூட்ட வேண்டும். மெத்தியோனினையும் தனியே வாங்கிச் சேர்ப்பது நல்லது. புண்ணாக்கைக் குறைத்துத் தவிட்டை ஏற்றுவதே பலர் செய்யும் சிக்கனம். அதில் எரிசத்தும் புரதமும் சேர்ந்தே இறங்கும், நார் ஏறும்; பறவை அதிகம் தின்றும் எடை வைக்காது.

அரைப்பதும் கலப்பதும்

தானியத்தை மாவாக அரைக்கக் கூடாது. நைந்த மாவு அலகில் ஒட்டும், மூக்கில் ஏறும், காற்றில் பறந்து வீணாகும். ரவைப் பதம் குஞ்சுக்கு, நொய்ப் பதம் பெரிய பறவைக்கு. அதைவிடப் பெரிதாக உடைத்தால் பறவை மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைக் கிளறித் தள்ளும். கணக்கிட்டுக் கலந்த கலவை தட்டிலேயே பிரிந்துவிடும். முழுத் தானியம் கொடுக்க விரும்பினால் மாலையில் தனியாக இறைக்கலாம். அதை அரைக்க அரைவைப்பைக்குச் சிறு கல் வேண்டும். வெளியே மேயும் பறவை அதைத் தானே பொறுக்கிக்கொள்ளும்.

சிறிய அளவுப் பண்டங்களைக் கலப்பதில்தான் கவனம் முழுவதும் வேண்டும். அரைக் கிலோ வைட்டமின், தாது உப்பை 100 கிலோ குவியலின் மேல் நேராகத் தூவினால் ஒரு பறவைக்கு அளவுக்கு மீறியும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். உப்பு, டி.சி.பி., வைட்டமின், தாது உப்பு ஆகியவற்றை முதலில் 2 கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடு கையால் நன்றாகப் பிசிற வேண்டும். அதை 10 கிலோவோடு கலக்க வேண்டும். பிறகு அந்தக் கலவையை 25 கிலோவோடு, கடைசியில் முழுக் குவியலோடு. சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாயிலோ பண்டங்களை அடுக்கடுக்காகப் பரப்பி, மண்வெட்டியால் ஓரத்திலிருந்து அள்ளி நடுவில் கூம்பாகக் குவித்து, அந்தக் கூம்பைப் பக்கத்தில் இன்னொரு கூம்பாக மாற்ற வேண்டும். நான்கைந்து முறை மாற்றியபின் குவியலின் நான்கு இடங்களிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தால், எள்ளுப் புண்ணாக்கின் கருமையும் மக்காச்சோளத்தின் மஞ்சளும் நான்கிலும் ஒரே சீராக இருக்கிறதா என்பது தெரியும்.

தனித்தேவைகள்

முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்ற கால்சியத்தில் பாதி அளவே உடலில் சேர்வதால் முட்டையிடும் நாளில் பெட்டைக்கு 4 கிராம் வேண்டும். 100 கிராம் அடிக்கலவையில் 1 கிராம் கிடைத்துவிடும். மீதி 3 கிராமுக்கு 8 கிராம் கிளிஞ்சல், அதாவது இரண்டு விரலால் எடுக்கும் சில சில்லுகள். இதைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருந்தால் போதும். கால்சியம் வேண்டிய பெட்டை தேடிவந்து தின்னும். சேவலும் குஞ்சும் அதிகம் தொடுவதில்லை. நாட்டுக்கோழிக்கு இந்த முறை மிகவும் பொருந்தும், ஏனென்றால் அது ஆண்டு முழுதும் முட்டையிடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், பிறகு குஞ்சோடு திரியும். அதன் கால்சியத் தேவை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். தூளைவிடச் சில்லு வயிற்றில் மெதுவாகக் கரைந்து இரவெல்லாம் கால்சியம் கொடுக்கும் என்பதால் துவரம்பருப்பு அளவுச் சில்லுகளே நல்லவை. தோல்முட்டை விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கிண்ணம் காலியா என்பதை.

வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம். அடிக்கலவையின் புரதம் 18. சோயாப் புண்ணாக்கு 3 பங்கும் கருவாட்டுத் தூள் 1 பங்கும் சேர்ந்த புரதக் கலவையில் 45. முதல் எட்டு வாரத்துக்குச் சராசரியாக வேண்டுவது 27. வேண்டியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 9. அது புரதக் கலவையின் பங்கு. பெரியதிலிருந்து வேண்டியதைக் கழித்தால் 18. அது அடிக்கலவையின் பங்கு. ஆகவே 2 கிலோ அடிக்கலவைக்கு 1 கிலோ புரதக் கலவை. இந்தக் கழித்தல் முறை தெரிந்தால் எந்த இரண்டு பண்டத்தையும் கொண்டு வேண்டிய சதவீதத்தை எட்டலாம். இந்தக் கலவைக்கும் கருவாடு உப்பில்லாததாகவே இருக்க வேண்டும். வைட்டமின் கலவையையும் அந்த 1 கிலோவுக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். எட்டு வாரம் கழிந்தபின் புரதக் கலவையைச் சிறிது சிறிதாகக் குறைத்து அடிக்கலவைக்குக் கொண்டுவரலாம்.

வான்கோழிக் குஞ்சுகளில் முதல் வாரச் சாவுக்குப் பெரிய காரணம் பட்டினி. தீவனம் எதிரில் இருந்தும் கொத்தத் தெரியாமல் நிற்கும். அதனால் முதல் 15 நாளுக்குப் பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்துக் கொடுப்பதும், ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து வைப்பதும் வழக்கம். இரண்டு கோழிக் குஞ்சுகளைக் கூட விட்டால் அவை கொத்துவதைப் பார்த்து வான்கோழிக் குஞ்சும் கொத்தும். வளர்ந்த வான்கோழி பசுந்தீவனத்தை விரும்பித் தின்னும். குதிரை மசால், வேலிமசால், அறுத்த புல் இவற்றை நறுக்கிப் போட்டால் கலவைச் செலவு கணிசமாகக் குறையும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதைச் சிறிதளவே கொடுக்க வேண்டும்.

வாத்துக் குஞ்சுக்கு நியாசின். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள நியாசினில் பெரும்பகுதி கட்டுண்டிருப்பதால் அதை நம்பியிருக்க முடியாது. ஈஸ்ட் தூளை வாத்துக் குஞ்சின் பங்கில் மட்டும் கலப்பதும், குடிநீரில் பி வகை வைட்டமின் கலவையைச் சேர்ப்பதும் எளிய வழிகள். வாத்துக்கு உலர்ந்த தூள் ஆகாது. தண்ணீர் தெளித்துக் கையில் பிடித்தால் பிடியாக நிற்கும் பதத்தில் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே மூக்குத் துளை முங்கும் ஆழத்தில் தண்ணீர் வேண்டும். நனைத்த தீவனத்தை அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே வைக்க வேண்டும். வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்து சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தின்று புரதத்தையும் சுண்ணாம்பையும் தானே தேடிக்கொள்ளும். அந்த மாதங்களில் கலவையைப் பாதியாகக் குறைத்தாலும் முட்டை குறையாது.

குஞ்சுக்குத் தனித் தீவனம் வைப்பது எளிது. அதைப் பெரிய பறவை தின்றுவிடாமல் காப்பதுதான் வேலை. இதற்குப் பஞ்சாரமே போதும். வழக்கமாகப் பஞ்சாரத்தின் உள்ளே குஞ்சை அடைப்பார்கள். இங்கே அதை மூன்று இடத்தில் செங்கல் வைத்து நான்கு விரற்கடை தூக்கி, உள்ளே குஞ்சுத் தீவனத்தை வைக்க வேண்டும். குஞ்சு குனிந்து நுழையும். தாய்க்கோழியால் நுழைய முடியாது. வான்கோழிக் குஞ்சு வேகமாக வளர்வதால் வாரந்தோறும் இடைவெளியைச் சிறிது கூட்ட வேண்டும்.

தீவனத்தைத் தரையில் கொட்டுவதைக் கலப்புக் கூட்டத்தில் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கோழியின் குடலில் இருக்கும் ஒருவகைக் குடற்புழுவின் முட்டை வழியாக வான்கோழிக்குக் கருந்தலை நோய் பரவுகிறது. கோழிக்குப் பெரிய பாதிப்பைக் காட்டாத அந்நோய் வான்கோழியைக் கொன்றுவிடும். பெரிய பறவையின் முதுகு உயரத்துக்குத் தொங்கும் தட்டில் எச்சம் விழாது, கிளறலும் குறையும். குஞ்சுகளின் தட்டு தாழ்வாக இருப்பதால் அதை அன்றாடம் கழுவிக் காயவைக்க வேண்டும்.

பூஞ்சை நச்சும் மருந்துத் தீவனமும்

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. காரணம் தெரியாததால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப்போனபோது எல்லாப் பண்ணைத் தீவனத்திலும் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை சுரந்த நச்சு இருந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே வந்தது. இந்த நச்சை எல்லாப் பறவையும் ஒரே அளவில் தாங்குவதில்லை. வாத்துக் குஞ்சு மிக எளிதில் சாகும், அடுத்தது வான்கோழிக் குஞ்சு. கோழி ஓரளவு தாங்கும். ஆகவே கோழிக்குக் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கையில் அதே புண்ணாக்கை வாத்துக் குஞ்சுக்குக் கொடுப்பது ஆபத்து. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நச்சு முழுவதும் அழியாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத பண்டத்திலும் அது இருக்கக்கூடும். மேலே சொன்ன அடிக்கலவையில் கடலைப் புண்ணாக்குக்கு இடமில்லாததற்கு இதுவே முதற்காரணம்.

கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. கோழிக் குஞ்சுக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சில தீவனங்களில் மருந்து கலந்திருக்கும். அவற்றில் சாலினோமைசின் கோழிக்குப் பாதுகாப்பானது, வான்கோழிக்கு நஞ்சு. மூட்டையின் சீட்டைப் படித்து, மருந்தின் பெயரைக் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் குஞ்சுத் தீவனத்தையும் கலப்புக் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. தீவனத்தைச் சொந்தமாகக் கலப்பவர் இந்த ஆபத்திலிருந்து தானே விலகிவிடுகிறார்; அதற்குப் பதிலாகத் தரையைக் காய்ந்த நிலையில் வைத்து ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்துசேர்கிறது.

சேமிப்பும் கவனிப்பும்

எவ்வளவு கலப்பது என்பதைக் கூட்டத்தின் கணக்கு சொல்லும். 15 நாட்டுக்கோழிகள் ஆளுக்கு 90 கிராம், 5 வாத்துகள் 160 கிராம், 3 வான்கோழிகள் 250 கிராம், 4 கினிக்கோழிகள் 80 கிராம் என்று கொண்டால் ஒரு நாளுக்கு 3 கிலோ 220 கிராம். அடைத்து வளர்த்தால் 100 கிலோ ஒரு மாதம் வரும். நல்ல மேய்ச்சல் இருந்தால் பாதியே செலவாகும் என்பதால் 50 கிலோ கலப்பதே சரி. அரைத்த தீவனத்தை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரமே அதிகம். தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சை பிடிக்காது. பல்லில் கடித்தால் மக்காச்சோளம் சட்டென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். முழுத் தானியமாக வைத்திருந்து வேண்டும்போது அரைப்பது எப்போதும் நல்லது.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். மாறியபின் பறவையே கணக்கைச் சரிபார்த்துச் சொல்லும். குஞ்சுகளில் நாலைந்தை அடையாளமிட்டு வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை போட வேண்டும். எடை ஏறாமல் நின்றால் புரதத்தையோ குடற்புழுவையோ சந்தேகிக்கலாம். ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கினால் இடநெருக்கடியோடு புரதம், உப்பு இவற்றின் குறையையும் பார்க்க வேண்டும். எச்சம் தண்ணீராகப் போனால் கருவாட்டின் உப்பைச் சோதிக்க வேண்டும். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சலையும், மஞ்சள் கரு வெளிறினால் கீரையையும், வாத்துக் குஞ்சு நொண்டினால் நியாசினையும் பார்க்க வேண்டும். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே பண்டத்தை மாற்றி, இரண்டு வாரம் பொறுத்து, எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணம் தந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த கலவைக்கு அந்த அறிவு கைகொடுக்காது.